பெரியம்மாவின் கால் ஆணி

உள்ளங்காலில் எது வந்தாலும் எங்கள் பக்கம் அதற்கு ஒரே பெயர்தான், கால் ஆணி. செருப்பு உரசித் தோல் தடித்தாலும் ஆணி, முள் ஏறிச் சீழ் கோத்தாலும் ஆணி, மரு வந்தாலும் ஆணி. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் மருந்துக் கடைக்குப் போய்க் காலைத் தூக்கிக் காட்டினால், கவுண்டரில் நிற்கிற பெண் 'மாத்தா ஈக்கான்' (மலாயில் கால் ஆணி) என்று சொல்லி, நடுவில் மருந்து வைத்த வட்டப் பிளாஸ்டரை எடுத்து நீட்டுவார். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். தோட்டத்தில் உழைத்த கால்களுக்கு ஆணி வராமல் வேறு என்ன வரும்?

வேறு சிலதும் வரும். என் பெரியம்மாவுக்கு வந்தது போரோமா. வியர்வை தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறதே, அந்தக் கடைசிக் குழாயின் செல்களை ஒத்த செல்கள் பெருகி உண்டாகிற கட்டி. புற்றுநோய் இல்லை, அடுத்தவருக்கு ஒட்டாது, முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பியும் வராது. ஆனால் அபூர்வமானது. நான் ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில், உடம்பிலிருந்து வெட்டி எடுத்த திசுவைக் கண்ணாடித் தகட்டுக்குக் கொண்டுவருகிற பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கே அது அடிக்கடி கண்ணில் படுகிற பெயர் இல்லை. எழுத உட்கார்ந்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கோபம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உள்ளங்காலைப் பார்த்துவிடலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முடி முளைக்காது. முடி இல்லாததால் முடியோடு ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பியும் அங்கே கிடையாது. இருப்பது வியர்வைச் சுரப்பி, அதுவும் ஏராளமாக. ஓர் ஆளுக்கு மொத்தம் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கும் என்பார்கள். அவை மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்கால் ஒன்று. சுரப்பி தோலின் அடியில் சுருண்டு கிடக்கும். அங்கிருந்து ஒரு நுண்குழாய் மேலே ஏறி, மேல்தோலுக்குள் நுழைந்ததும் திருகு திருகாகச் சுற்றிக்கொண்டு போய்த் துளையாகத் திறக்கும். உள்ளங்காலில் மேல்தோல் தடிப்பு என்பதால் அந்தத் திருகுப் பாதையும் நீளம். போரோமா தலையிலும் கழுத்திலும் உடம்பிலும்கூட வரும். ஆனாலும் அதற்குப் பேர்போன இடம் பாதம்தான்.

பெரியம்மாவின் பாதத்தைப் பற்றிப் பேசினால் பால்மரத்தைப் பற்றியும் பேச வேண்டும். 1877-ல் பக்கத்துக் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அப்புறம் பேராக் முழுக்க மரம், மரத்துக்கு ஆள், ஆளுக்கு லயம் என்கிற வரிசை வீடு. பெரியம்மா லயத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுப் பால் வெட்டும் உளி பிடித்தவர். விடியும் முன்னே பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு, நிரை நிரையாக மரம். பட்டையில் கோடு கீறி, பால் வடிகிற கிண்ணத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரம். பூட்ஸ் எல்லாம் பிற்காலத்து வசதி. முதலில் வெறுங்கால், அட்டைக்கடி, ஈர மண். தோட்டம் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு மாறி, லயத்தை இடித்து, குடும்பங்கள் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும் அவருக்குச் செருப்பு வாசலோடு சரி. கோயிலுக்கு, கொல்லைக்கு, எதிர்வீட்டுக்கு எல்லாம் வெறுங்கால்தான். இதனால்தான் கட்டி வந்தது என்று முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். போரோமா ஏன் வருகிறது என்பதற்கு வெறுங்கால் நடை என்று யாரும் நிரூபித்ததில்லை. நம் ஆட்களுக்கு எந்த நோய்க்கும் நோயாளியையே காரணமாக்கிவிடும் பழக்கம் உண்டு. அது இங்கே வேண்டாம்.

கட்டி வந்த இடம் வலது பாதத்தின் உள்விளிம்பு, குதிகாலுக்குச் சற்று முன்னால். முதலில் மிளகளவு. வலி இல்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. வளர்ந்தபோது சிவந்த, கொஞ்சம் ஈரமான சதை முண்டு ஆனது. அதைச் சுற்றி ஒரு பள்ளம். நான் முதலில் கவனித்தது அந்தப் பள்ளத்தைத்தான். கட்டி தோலுக்கு மேலே உட்காராமல், தனக்கென்று ஒரு குழி பறித்துக்கொண்டு அதற்குள் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தடித்த மஞ்சள் தோல் வரம்பு கட்டியிருந்தது. செருப்பு பட்டால் ரத்தம், பாத்ரூம் தரையில் தேய்ந்தால் ரத்தம். பெரியம்மா வீட்டுத் தரையில் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்துத்தான் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

அதற்குள் வைத்தியம் எல்லாம் முடிந்திருந்தது. எருக்கம்பால் வைத்தாயிற்று. அம்மான் பச்சரிசியைக் கிள்ளி அதன் பாலைத் தடவியாயிற்று. மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டியாயிற்று. பழைய தோட்டத்துக்காரர் ஒருவர், ரப்பர்ப் பாலை உறைய வைக்கிற பார்மிக் ஆசிட்டைக் குச்சியில் தொட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். "சுள்ளுன்னு இருந்திச்சு, ஆனா கொஞ்சம் கருகிச்சுலா" என்று பெரியம்மா அதை ஒரு வெற்றியாகவே சொன்னார். சிரிக்க ஒன்றுமில்லை. மருவுக்குப் பார்மிக் ஆசிட் வைத்துப் பார்த்த மருத்துவ ஆய்வுகளும் உண்டு. ஆனால் அது மருவாக இருக்க வேண்டும், அளவு தெரிந்த கையாகவும் இருக்க வேண்டும்.

அடுத்தது நான் சொன்ன கோபம். இதற்கெல்லாம் நடுவில் பெரியம்மா ஒரு கிளினிக்குக்கும் போயிருந்தார். எந்தக் கிளினிக் என்று சொல்லப் போவதில்லை. அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியைச் சுரண்டி எடுத்து, அடியைக் கருக்கி, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி முளைத்தது. மறுபடி போனார், மறுபடி கருக்கினார்கள். "எடுத்த சதை என்னாச்சு பெரிம்மா, லேப்புக்கு அனுப்பினாங்களா?" என்று கேட்டேன். "லேப்புக்கா? தட்டுல இருந்த பஞ்சோட சேத்து தொட்டியில போட்டுட்டாங்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், உள்ளங்காலில் சிவப்பாக, ரத்தம் கசிய, வளர்ந்துகொண்டே இருக்கிற ஒரு முண்டுக்குப் பின்னால் இருக்கக்கூடியவை பல. அடிபட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் திரண்டு வரும் பையோஜெனிக் கிரானுலோமாவாக இருக்கலாம், அது ஆபத்தில்லாதது. வைரஸால் வரும் மருவாக இருக்கலாம். ஸ்குவாமஸ் செல் புற்றுநோயாக இருக்கலாம். தோலின் நிறமிச் செல்களில் வரும் புற்றுநோயான மெலனோமாவாகவும் இருக்கலாம். மெலனோமா வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் வருகிற வியாதி, நம்ம கருப்புத் தோலுக்கு வராது என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். நமக்கு அது மொத்தத்தில் குறைவு என்பது உண்மை. ஆனால் ஆசிய, ஆப்பிரிக்க மக்களுக்கு வரும்போது அது பெரும்பாலும் வெயில் படாத இடங்களில்தான் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில் வந்தது. 1977-ல் கண்டுபிடித்தார்கள், 1981-ல் 36 வயதில் இறந்துபோனார். எல்லா மெலனோமாவும் கருப்பாகவும் இருக்காது. நிறமி இல்லாமல், வெறும் சிவப்பு முண்டாக வருகிற வகையும் உண்டு. அதையும் போரோமாவையும் வெறும் கண்ணால் பிரிக்க முயன்று தோற்ற தேர்ந்த தோல் டாக்டர்கள் உண்டு. ஆக, வெட்டி எடுத்ததைத் தொட்டியில் போடுவது என்றால், அது என்ன என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியைத் தொட்டியில் போடுவது.

கட்டியை எடுப்பது பாதி வேலைதான். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததே அவ்வளவுதான். மீதி பாதி எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு ரெபரல் கடிதம் வாங்கிப் போனோம். நிபுணரைப் பார்க்கக் கட்டணம் மிகக் குறைவு. இந்த நாட்டில் நான் மனசாரப் பாராட்டுகிற விஷயங்களில் அது ஒன்று, காத்திருக்கிற நேரத்தைக் கணக்கில் சேர்க்காத வரைக்கும். டெர்மோஸ்கோப் என்ற தோல் பார்க்கும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்த டாக்டர், "போரோமாவாக இருக்கலாம், ஆனால் பார்த்து மட்டும் சொல்ல மாட்டேன், முழுதாக எடுத்து அனுப்பிவிடுவோம்" என்றார். மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த டாக்டரை எனக்குப் பிடிக்கும். சுற்றியுள்ள நல்ல தோலில் கொஞ்சம் சேர்த்து வெட்டினார்கள். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரிய ஓரத்தில் ஒரு நூல் தையல் போட்டு, பாட்டிலில் இறக்கினார்கள்.

பாட்டிலில் இருப்பது பார்மலின். திசுவை அந்த நொடியில் இருந்தபடியே நிறுத்தி வைக்கிற திரவம். திசுவின் அளவைப் போலப் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும். குறைந்தால் உள்பக்கம் அழுகத் தொடங்கும். இது தெரியாமல் சின்னப் பாட்டிலில் பெரிய சதையைத் திணித்து அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சரி, அது வேறு புலம்பல்.

திசு வந்ததும் அளந்து, வெட்டு விளிம்புகளுக்கு மை தடவி, துண்டு போடுவார்கள். அந்த மை கடைசி வரைக்கும் போகாது. மைக்ராஸ்கோப்பில் மை தெரிகிற கோடுதான் கத்தி போன பாதை. கட்டியின் செல் மையைத் தொட்டால் மிச்சம் காலிலேயே இருக்கக்கூடும் என்று அர்த்தம். பிறகு ராத்திரி முழுக்க மெஷினில் ஆல்கஹால், சைலீன், உருக்கிய பாரபின் மெழுகு என்று ஒவ்வொன்றாக ஏறும். தண்ணீர் வெளியேறி அந்த இடத்தில் மெழுகு நிறையும். காலையில் திசு மெழுகுக் கட்டிக்குள் உறைந்து நிற்கும்.

அதற்குப் பிறகு மைக்ரோடோம் என்கிற சீவும் கருவி. என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், உள்ளங்கால் தோல் வராத நாட்களில். மெழுகுக் கட்டியை ஐஸ் மேல் கவிழ்த்துக் குளிர வைத்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். சக்கரத்தைச் சீராகச் சுற்றினால் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக இறங்கும். குடல், கருப்பை, மார்பகம் எல்லாம் வெண்ணெய்யாக வரும். உள்ளங்கால் தோலில் இருக்கிற கெராட்டின் என்ற கடினப் புரதம் மட்டும் வராது. கத்தி பட்டதும் பிளந்து, தூளாகி, பக்கத்தில் இருக்கிற நல்ல திசுவையும் இழுத்துக்கொண்டு போகும். மெழுகுக் கட்டியை ஈரத்தில் ஊற வைத்து, மறுபடி ஐஸ், மறுபடி மெல்ல ஒரு சுற்று. மூச்சு விட்டாலும் நாடா பறக்கும். வந்த நாடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரியும். அடியில் கண்ணாடித் தகட்டை நுழைத்துச் சாய்வாகத் தூக்கினால் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நிறமே இல்லாத ஒரு ஈரப் படலம்.

நிறம் கொடுப்பவை இரண்டு. ஹீமட்டாக்சிலின் உட்கருவை ஊதா நீலமாக்கும், இயோசின் மற்றதை ரோஜா நிறமாக்கும். ஹீமட்டாக்சிலின் மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம் ஒன்றின் வைரப் பகுதியிலிருந்து வருகிறது. ரப்பரும் பிரேசில் மரம்தான். வாழ்நாள் முழுக்க ஒரு அமெரிக்க மரத்தின் பாலை எடுத்தவரின் தோலுக்கு இன்னொரு அமெரிக்க மரத்தின் சாயம் என்று நான் சொன்னதற்கு, எங்கள் லேப்பில் யாரும் பெரிதாக ரசிக்கவில்லை.

பெரியம்மாவின் துண்டை நான் தொடவில்லை. சொந்தக்காரர் மாதிரியை நாமே கையாளக் கூடாது என்பது என் கட்டுப்பாடு, வேறொருவர் செய்தார். ரிப்போர்ட் எழுதி முடித்த பிறகு, பெரியம்மாவின் சம்மதத்தோடு, திசுவைப் பார்த்து நோயைச் சொல்கிற பேத்தாலஜி டாக்டர், இரண்டு பேர் சேர்ந்து பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப்பில் என்னை எதிரே உட்கார வைத்துக் காட்டினார்.

குறைந்த பெருக்கத்தில் முதலில் தெரிந்தது இரண்டு ஓரத்திலும் சாதாரண மேல்தோல், மேலே தடித்த கெராட்டின். நடுவில் மேல்தோலிலிருந்தே புறப்பட்டு உள்தோலுக்குள் இறங்கும் அகலமான பட்டைகள். அவை ஒன்றோடொன்று கிளை சேர்த்து, இடையில் ரோஜா நிறத் தீவுகளை விட்டிருந்தன. பட்டைகளின் அடிவிளிம்பு வழவழப்பாக, ஒரு மட்டத்தில் நின்றது. விரல் விட்டுத் துழாவிக்கொண்டு ஆழத்துக்கு ஓடவில்லை. கெட்ட கட்டி இப்படி ஒழுங்காக நிற்காது, அது கண்ட இடத்தில் ஊடுருவும். டாக்டர் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தோள் இறங்கியது.

பெருக்கத்தைக் கூட்டினார். செல்கள் எல்லாம் ஒரே சாதி: சின்னவை, கனசதுரமானவை, வட்டமான கரு, கருவில் முரட்டுத்தனம் எதுவும் இல்லை. பக்கத்துச் சாதாரண மேல்தோல் செல்கள் இவற்றைவிடப் பெரியவை, ரோஜா நிறம் கூடுதல். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கலப்பே இல்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பழைய ரப்பர்க் காடு ஒரு சாலையோடு முடிந்து, அந்தப் பக்கம் முதல் அடியிலேயே செம்பனை தொடங்கும் பாருங்கள், அந்தத் துல்லியம். இந்தச் சட்டென்ற எல்லைதான் போரோமாவின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் மெல்லிய இணைப்புப் பாலங்கள் தெரிந்தன. சில செல்கள் வெளிறிக் காலியாகத் தெரிந்தன. அங்கே கிளைக்கோஜன், அதாவது சேமித்து வைத்த சர்க்கரை. பி.ஏ.எஸ். என்ற சாயம் போட்டால் அது சிவக்கும், கிளைக்கோஜனைக் கரைக்கிற நொதியை முதலில் விட்டால் சிவக்காது.

"இப்ப துளையைத் தேடு" என்றார் டாக்டர். தேடினேன். பட்டைகளின் நடுவே பொடிப்பொடியான வட்டத் துளைகள், ஒவ்வொன்றின் உள்விளிம்பிலும் பளிச்சென்ற ஒரு ரோஜா வளையம். வியர்வைக் குழாய்! கட்டியாக மாறிய பிறகும் அந்தச் செல்கள் தங்கள் பழைய வேலையை மறக்காமல், எங்கும் போய்ச் சேராத குழாய்களைக் கட்டிக்கொண்டிருந்தன. இந்தத் துளைகள் தெளிவாக இல்லாத கேஸ்களில் சி.இ.ஏ., இ.எம்.ஏ. என்ற புரதங்களுக்கான சிறப்புச் சாயம் போட்டால் வளையம் பழுப்பாக எழும்பி வரும். பெரியம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

பட்டைகளுக்கு இடையில் நான் தீவு என்று சொன்னேனே, அங்கே நிறைய ரத்தக் குழாய்கள், விரிந்து, சிவப்பணுக்கள் அடைத்து, சுற்றிலும் நீர் கோத்த தளர்ந்த திசு. தரையில் விழுந்த சிவப்புப் பொட்டுக்கெல்லாம் விடை அங்கே இருந்தது. செருப்பு உரசலுக்கு ரத்தம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிறகு டாக்டர் ஒவ்வொன்றாக மறுத்துக் காட்டினார். பேசல் செல் கார்சினோமாவாக இருந்தால் பட்டையின் ஓரத்துச் செல்கள் வேலி நட்ட மாதிரி வரிசை கட்டும், கட்டிக்கும் சுற்றுத் திசுவுக்கும் நடுவே இடைவெளி விழும். இங்கே இரண்டும் இல்லை. அந்தப் புற்றுநோய் உள்ளங்காலில் மிக அபூர்வம் வேறு. முதியவர்களுக்கு வரும் ஆபத்தில்லாத தோல் முண்டான செபோரிக் கெரட்டோசிஸாக இருந்தால் நடுவில் கெராட்டின் உருண்டைகள் கிடக்கும். அதுவும் இல்லை. மெலனோமா இல்லை. கிரானுலோமா இல்லை. ஓரிடத்தில் செல்கள் கூட்டாக மடிந்து கிடந்த ஒரு சின்னத் திட்டு இருந்தது. நான் பயந்துபோய்ப் பார்த்தேன். "இது போரோமாவில் வரும், இதை மட்டும் வைத்துக் கெட்டது என்று சொல்ல மாட்டோம்" என்றார். கெட்ட உறவுக்காரன் ஒருவன் இதற்கு இருக்கிறான், போரோகார்சினோமா. அதில் கருக்கள் பெரிதும் சிறிதுமாக முரண்டு பிடிக்கும், செல் பிரிவு கண்டபடி தெரியும், அடிவிளிம்பு உடைந்து ஆழத்துக்கு ஊடுருவும். பல வருஷம் கவனிக்காமல் விட்ட போரோமாவிலிருந்தும் அது கிளம்பலாம். அபூர்வத்திலும் அபூர்வம்தான், ஆனால் நிணநீர் முடிச்சுக்குப் பரவக்கூடியது. கருக்கித் தொட்டியில் போட்ட இரண்டு துண்டுகளில் அது இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

போரோமாவைத் தனிக் கட்டியாகப் பிரித்து எழுதியது 1956-ல், அமெரிக்காவில். கோல்ட்மேன், பிங்கஸ், ரோகின் என்ற மூன்று பேர். இவர்களில் ஹெர்மன் பிங்கஸ் எனக்குப் பிடித்த ஆள். பெர்லின்காரர். அப்பா பீலிக்ஸ் பிங்கஸும் பெயர் பெற்ற தோல் மருத்துவர். நாஜிகள் வந்த பிறகு மகன் அமெரிக்காவுக்குப் போய் டெட்ராய்ட் பக்கம் வேலை பார்த்தார். மேல்தோல் தன்னை எப்படிப் புதுப்பித்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒட்டுகிற டேப்பைத் தோலில் ஒட்டி ஒட்டி உரித்து, அடியில் செல்கள் எப்படிப் பிரிகின்றன என்று பார்த்தவர். இந்த வேலை 1951-ல் வெளிவந்தது. வியர்வைக் குழாய் மேல்தோலுக்குள் வெறுமனே வழி கேட்டுக்கொண்டு போவதில்லை, அங்கே தனக்கென்று தனிச் செல்களை வைத்திருக்கிறது என்ற எண்ணம் இருந்ததால்தான், அந்தச் செல்களிலிருந்து ஒரு கட்டி வரும் என்று அவர்களால் பார்க்க முடிந்தது. ஸ்லைடு எல்லார் மேசையிலும் இருந்ததுதானே.

2019-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு கதவைத் திறந்தார்கள். பெரும்பாலான போரோமாக்களில் ஒய்.ஏ.பி.1 என்ற ஜீன் உடைந்து, எம்.ஏ.எம்.எல்.2 அல்லது என்.யு.டி.எம்.1 என்ற இன்னொரு ஜீனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒய்.ஏ.பி.1 செல் வளர்வதையும் நிறுத்துவதையும் பார்த்துக்கொள்கிற ஏற்பாட்டைச் சேர்ந்தது. தப்பாக ஒட்டினால் வளரச் சொல்கிற குரல் ஓயாமல் கேட்கும். போரோகார்சினோமாக்கள் பலவற்றிலும் இதே ஒட்டு இருக்கிறது, அதனால் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க இது மட்டும் போதாது. சந்தேகமான கட்டி வியர்வைக் குழாய் வகைதானா என்று முடிவு செய்ய உதவும். மற்றபடி முடிவு இன்னும் அந்தப் பழைய ஊதா, ரோஜா ஸ்லைடில்தான்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கவலையே வேறு.

"இது கேன்சரா இல்லையா, அத மட்டும் சொல்லு பாப்பா."

"இல்ல பெரிம்மா."

"அப்ப ஒட்டுமா? சின்னப் பிள்ளைங்க வீட்டுல ஓடுதுங்க."

"ஒட்டாது. இது கிருமி இல்ல."

"ஆசிட் வச்சதாலதான் போகாம இருந்திச்சா?"

"ஆசிட் மேலதான் கருக்கும். இதோட பட்டை கீழ இறங்கியிருக்கு. மேல கருகினா கீழ இருக்கிறது மறுபடி வளரும். கிளினிக்குல சுரண்டினதும் அப்படித்தான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "உப்பு மிளகும் கொட்டினேனே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது மாரியம்மன் கணக்கு. நல்ல டாக்டரிடம் போகச் சொல்லி அவள்தான் அனுப்பினாள் என்று அவரே பிறகு அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

பாதத்தில் வெட்டினால் ஆற நாளாகும். நடக்கிற கனம் முழுக்க அங்கேதான் விழுகிறது, சர்க்கரை வேறு இருந்தால் இன்னும் மெதுவாகும். பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, எங்கள் வீட்டில் யாருக்கு இல்லை. தையல் பிரித்த பிறகும் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் போய்க் கட்டு மாற்றினார். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் விளிம்புகளில் கட்டி இல்லை என்று இருந்தது. திரும்பி வருகிறதா என்று டாக்டர் ஒருமுறை பார்த்துவிட்டு, புதிதாக முண்டு தெரிந்தால் மட்டும் வரச் சொன்னார். தைப்பூசத்துக்கு ஈப்போவில் குனோங் சீரோ முருகன் கோயிலுக்குப் பால்குடம் தூக்கிக்கொண்டு வெறுங்காலில் நடக்கலாமா என்று கேட்டதற்கு, புண் முழுக்க மூடியிருந்தால் நடக்கலாம், கால் மரத்துப்போகிறதா என்று முதலில் சோதித்துவிட்டு என்றார். சர்க்கரைக்காரர்களுக்கு அது நியாயமான நிபந்தனை.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் காரியம். உங்கள் உடம்பிலிருந்தோ வீட்டுப் பெரியவர்கள் உடம்பிலிருந்தோ யாராவது ஒரு முண்டைச் சுரண்டவோ வெட்டவோ லேசரில் எடுக்கவோ தயாரானால், ஊசி போடுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்: இதை லேப்புக்கு அனுப்புவீர்களா? தனியார் கிளினிக்கில் அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். தயங்காமல் கொடுங்கள். தோலில் தொங்குகிற சாதாரணச் சதைத் துணுக்கை அனுப்பத் தேவையில்லை என்று டாக்டர் காரணம் சொன்னால் அதுவும் பதில்தான். ரத்தம் வருகிறது, வளர்கிறது, ஒருமுறை எடுத்தும் திரும்ப வந்திருக்கிறது என்றால் விடவே விடாதீர்கள். ரிப்போர்ட் வந்ததும் ஒரு நகல் வாங்கி வீட்டில் வையுங்கள்.

போன மாதம் பெரியம்மாவின் பக்கத்து வீட்டு அக்கா முதுகிலிருந்த ஒரு முண்டை எடுத்துவிட்டு வந்தார். துண்டு எங்கே போச்சு என்று விசாரித்தது பெரியம்மாதான். அக்காவுக்குத் தெரியவில்லை. பெரியம்மா விடாமல் அங்கேயே உட்கார்ந்து கிளினிக்குக்குப் போன் போட வைத்திருக்கிறார். அனுப்பியாயிற்றாம், ரிசல்ட் அடுத்த வாரம்.